மூச்சுக்கும் கைமாற்று

கடனுக்கு அஞ்சாத வணிகர் இல்லை. கைமாற்று வாங்காத வணிகரும் இல்லை. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அறிந்தோருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய அத்தெருவில் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துகின்றனர். என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். பணம் மட்டுமன்று, மூச்சும் கைமாற்றாகக் கிடைக்கும் என்பதை அவருடைய நோய் எனக்குக் கற்பித்தது.

காய்ச்சலும் இருமலும் பத்து நாள் நீடித்தன. "கடையை யார்கிட்ட விட?" என்றே நாளைக் கடத்தினார். அதற்குள் நுரையீரலைச் சூழ்ந்த உறைகளுக்கிடையே சீழ் கட்டிவிட்டது. ஒருபக்க நுரையீரல் விரிய இடமில்லை. நாலடி நடந்தால் மூச்சு இரைத்தது.

மருத்துவர் முதலில் விலா எலும்புகளுக்கிடையே ஒரு குழாயைச் செலுத்தினார். அதன் மறுமுனை புட்டியிலிருந்த நீரில் அமிழ்ந்திருந்தது. சீழ் வெளியேறும், வெளிக்காற்று உட்புகாது. ஜெர்மானிய மருத்துவர் பியூலாவ் 1875இல் கையாண்ட எளிய முறை இது. இன்றும் உயிர்களைக் காக்கிறது.

அதன் பிறகே முகமூடி வந்தது. பைபாப் என்னும் கருவி, தொண்டைக்குள் குழாய் இறக்காமலே, மூச்சை இழுக்கும்போது மிகுந்த அழுத்தத்திலும் விடும்போது குறைந்த அழுத்தத்திலும் காற்றைத் தருகிறது. களைத்த தசைகள் சற்றே இளைப்பாறுகின்றன. குழாய் ஏன் முந்த வேண்டும்? நோயுற்ற நுரையீரலில் ஓட்டை இருந்தால், அழுத்திய காற்று உறைக்குள் கசிந்து நுரையீரலையே நசுக்கிவிடும்.

"எடுத்துரு மக்கா, மூச்சு முட்டுது" என்று முதல் இரவில் கெஞ்சினார். நான் கையைப் பற்றிக்கொண்டு, கருவியின் தாளத்துக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

"இது சீழை ஆற்றாது, தம்பி. குழாயும் மருந்தும் வேலை செய்யும் வரை தாங்கும். நினைவு தடுமாறினால் உடனே கூப்பிடுங்கள், பிறகு தொண்டைக் குழாய்தான்" என்றார் மருத்துவர். அன்றிரவு நான் கண்ணிமைக்கவில்லை.

மூன்றாம் நாள் முகமூடி நேரம் குறைந்தது. ஐந்தாம் நாள் அதைக் கழற்றினார்கள். "கைமாத்துதானே மக்கா, திருப்பிக் கொடுத்தாச்சு" என்று சிரித்தார். மருந்தும் மூச்சுப் பயிற்சியும் மேலும் பல வாரங்கள் தொடர்ந்தன.

நண்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் கடைக்காகவும் நமக்காகவும் தம் நோயை மறைப்பவர்கள். காய்ச்சல் தணியாமல், மூச்சிழுக்கும்போது ஒருபக்க விலாவில் குத்துகிறது என்றால், கடைக் கதவைச் சாத்திவிட்டு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். கடையை நாளையும் திறக்கலாம்.