சக்கரம் எங்கே விடுகிறது?

தூத்துக்குடியில் இரும்பு துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டியதில்லை, கடற்காற்றே போதும். திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் பக்கம் போனால் உப்பளங்கள் விரிந்து கிடக்கும். விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போகும் மொபெட்டுகளும், மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பும் பைக்குகளும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. அளத்து வண்டியின் டயரைத் தடவினால் கையில் உப்பு ஒட்டும். இப்படி உப்பிலேயே ஓடும் வண்டிகளில் முதலில் மக்கர் பண்ணுவது எது என்று அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன். எஞ்சினைச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். “முன் வீல் பிடிக்கும் அண்ணாச்சி. அதுக்குத்தான் பாதி வண்டி இங்க வருது” என்றார்.

முன் சக்கரம் பிடிப்பது சட்டென்று தெரிகிற கோளாறு அல்ல. வண்டி ஓடும், பிரேக்கும் அடிக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் உருளாமல் தயங்கும், தள்ளிக்கொண்டு போனால் கனக்கும். ஓட்டுகிறவர் எஞ்சினைச் சந்தேகப்பட்டு கார்புரேட்டரைக் கழற்றச் சொல்வார். அந்த ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பேச்சே எடுபடாது. வண்டி உள்ளே வந்ததும் டபுள் ஸ்டாண்டு போட்டு, பின்பக்கம் கனம் வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார். பிறகு குனிந்து காது கொடுக்கிறார். டிஸ்க் பிரேக் வண்டியில் பேட் லேசாக உரசி ‘சிர்ர்’ என்று கேட்பது இயல்பு. ஒன்றிரண்டு சுற்று சுற்றி நின்றால் குற்றமில்லை. சுற்றின் ஒரே இடத்தில் மட்டும் பிடித்துப் பிடித்து விட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. சத்தம் கரகரவென்று அடியிலிருந்து வந்தால் பேரிங். சுற்று முழுக்க ஒரே சீராக இறுகி நின்றால்தான் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

நான் போயிருந்தபோது மீன் வியாபாரி ஒருவரின் பைக் வந்தது. “காலையில கிளம்பும்போது நல்லாத்தான் இருக்கு. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் போனா பிடிக்கு. டீ குடிச்சுட்டு வந்து எடுத்தா சரியாயிருது” என்றார் அவர். வேறொரு கடையில் பேட் மாற்றி, பேட்டை அழுத்தும் காலிப்பரின் கிட்டும் மாற்றியாகிவிட்டது. பிடிப்பு மட்டும் போகவில்லை. மெக்கானிக் ஸ்பேனரைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றாக ஓட்டி, சூடேற்றித் திரும்பி வந்து டபுள் ஸ்டாண்டு போட்டார். டிஸ்க் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டதும் சுர்ரென்று ஆவியானது. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் நான் அவ்வளவு தூரம் போனது வீண்போகவில்லை என்று தோன்றியது. காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். மறுமுனை காலித் தண்ணீர் பாட்டிலுக்குள். எட்டாம் நம்பர் ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் திருகு திறந்ததும், குழாய்க்குள் பிரேக் ஆயில் பீறிக்கொண்டு வந்தது. கடுங்காப்பி நிறம். அந்த நொடியே சக்கரம் விட்டது. உதவிக்கு நின்ற பையன் ஒரு விரலால் தட்டியதற்கே சுற்றியது. “ஆயில் பிரஷர் உள்ள மாட்டியிருக்கு. காலிப்பர் மேல குத்தமில்ல” என்றார். கிட் மாற்றிய பணம் வீண் என்பது வண்டிக்காரருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பிரஷர் ஏன் மாட்டுகிறது? கைப்பிடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவுக்கு அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. லிவரை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து இந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தம் அது வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. துளை அடைபட்டாலோ, பிஸ்டன் ஒரு மயிரிழை முன்னால் நின்று அதை மூடிக்கொண்டாலோ, ஆயிலுக்குப் போக வழியில்லை. பேட் லேசாக உரசும், ஆயில் சூடாகும், சூட்டில் விரியும். விரிந்த ஆயில் பேட்டை இன்னும் அழுத்தும், உரசல் கூடும், சூடும் கூடும். குளிர்ந்தால் ஆயில் சுருங்கும், சக்கரம் விடும். டீக்கடையில் வண்டி தானாகக் குணமானது இப்படித்தான்.

மறுபடி ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்தார். இந்த முறை நிப்பிளைத் தொடவில்லை. பிரேக் லிவரின் போல்ட்டை மட்டும் கழற்றி லிவரை உருவினார். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் துளியூண்டு வெளியே நகர்ந்தது, சக்கரம் விட்டது. வண்டி எப்போதோ கீழே விழுந்து லிவர் ஒடிந்திருக்கிறது. மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு லிவரை மாட்டியிருக்கிறார்கள். அதன் மூக்கு கொஞ்சம் நீளம். பிரேக் பிடிக்காதபோதும் பிஸ்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. “லிவரை எடுத்தும் விடலைன்னா மேல ஹோஸ் போல்ட்டை லூஸ் பண்ணிப் பார்ப்பேன். அங்க விட்டா மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. அங்கயும் விடாம கீழ நிப்பிள்ல மட்டும் விட்டா, ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி அடைச்சிருக்குன்னு அர்த்தம்” என்றார். மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி, சக்கரம் எந்த இடத்தில் விடுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வைத்தியம் முழுவதும். அதற்கு முன்னால் ஒரு சாமானைக்கூட மாற்றுவதில்லை.

லிவர் மூக்கை அரம் போட்டு ராவிவிடலாமே என்றார் வண்டிக்காரர். இவர் ஒப்பவில்லை. ராவியது இன்றைக்குச் சரியாக இருக்கும், தேயத் தேய பிரேக் அடிக்கும் தூரம் மாறும் என்றார். கம்பெனி லிவர் வாங்க ஆள் போனது.

எல்லா வண்டியும் இப்படிச் சொன்னதைக் கேட்காது. மழைக்காலத்தில் அள வேலை நின்றுவிடும். வண்டிகளும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். அப்படி நின்ற ஒரு பழைய பைக் மூலையில் இருந்தது. அதில் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. ஆகவே கோளாறு காலிப்பருக்குள்தான். கம்ப்ரசர் காற்றால் பிஸ்டனைத் தள்ளலாம், ஆனால் குண்டு மாதிரி தெறிக்கும் என்பதால் லிவரையே பம்ப் பண்ணி மெல்ல வெளியே கொண்டுவந்தார்கள்.

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வேலையைச் செய்வது சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது வளையம் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பி பிஸ்டனையும் துளி இழுத்துக்கொள்கிறது. நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள வண்டியை நிறுத்தும் சக்கரம் விடுபடுவது அந்தத் துளி நகர்வில்தான். பையன் வளையத்தை நெம்பி எடுத்துக் காட்டினான். வளையம் புதுசு போலவே இருந்தது. அது உட்காரும் பள்ளத்தில்தான் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. அலுமினியம் அரித்து உப்பிய பொருக்கு பின்னாலிருந்து வளையத்தை நெருக்க, வளையம் பிஸ்டனை இறுக்கிவிட்டது.

அவன் பெட்ரோல் டப்பாவை நோக்கிக் கை நீட்டியதும் மெக்கானிக் குரல் உயர்ந்தது. “ஏல, ரப்பர் இருக்கிற இடத்துல பெட்ரோலா?” பெட்ரோலும் சாதா கிரீஸும் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். பள்ளத்தைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவரும் ஆகாது. கோடு விழுந்தால் ஆயில் கசியும். சீவிய மூங்கில் குச்சியால் சுரண்டி, புது பிரேக் ஆயிலால் கழுவினான். காலிப்பர் நகர்வதற்கு இருக்கும் இரண்டு பின்களில் ஒன்று துருவில் ஒட்டிப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவினார்கள். வாட்டர் வாஷ் கடைகளின் மேல் அவருக்குத் தீராத கோபம். பிரஷர் தண்ணீரை நேராக அந்தப் பின்னில் அடித்து இருக்கிற கிரீஸையும் கழுவிவிடுகிறார்களாம்.

டிரம் பிரேக் வண்டிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு டிரம்மில் இருக்கும் ஆர்மைக் கையால் தள்ளிப் பார்க்கிறார். ஆர்ம் திரும்பி வந்தால் கேபிள் துரு, வராவிட்டால் உள்ளே கேம் துரு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயமானதிலிருந்து ஒரு புதுச் சிக்கல் சேர்ந்திருக்கிறது. பின் பிரேக்கை இழுக்கும் கேபிள் முன்னையும் இழுக்கும். பின்னுக்கு டைட் வைத்த கையோடு சிலர் முன்னையும் பிடிக்க வைத்துவிடுகிறார்கள்.

அதற்குள் மீன் வியாபாரியின் வண்டிக்குப் புது லிவர் வந்தது. மாட்டியதும் லிவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே துளி ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டார். பழைய ஆயில் முழுவதையும் இறக்கிப் புதுசு ஊற்றினார். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழசானால் அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருப்பது பேராசை என்பது அவர் கருத்து.

வண்டிக்காரர் பில்லைக் கேட்டார். முந்தைய கடையில் பேட், கிட் என்று சாமான் கணக்கு நீண்டிருந்ததால் கேள்வி கேட்காமல் கொடுத்தவர், இங்கே ஒரு லிவர், ஒரு பாட்டில் ஆயில் என்றதும் கூலியைக் குறைக்கச் சொன்னார். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்ததும், சக்கரம் எங்கே விடுகிறது என்று தேடியதும் பில்லில் எழுதும் சங்கதிகள் இல்லையே. அவர் போன பிறகு இதைப் பற்றிக் கேட்டேன். “கண்டுபிடிச்ச கூலின்னு எழுதினா ஒருத்தனும் தர மாட்டான். அதான் ஆயில் மாத்துன கூலின்னு சேர்த்து எழுதிருதேன்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த மொபெட்டின் கேபிளைக் கழற்ற ஆரம்பித்தார்.