அப்பத்தா பார்த்த உள்ளங்கால்

எங்க அப்பத்தா மருத்துவச்சி. காரைக்குடிக்குக் கிழக்கே எங்கள் சேரியில் மட்டுமல்ல, ஊருக்குள்ளும் அவள்தான் பிள்ளை எடுப்பாள். கொல்லைவாசல் வழியாகத்தான் போகணும். பிள்ளையை முதலில் தொடுவது அவள் கை. வேலை முடிந்து அவள் வெளியே வந்ததும் அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகுவார்கள். கூலி நெல்லை எட்ட நின்று முந்தானையில் கொட்டுவார்கள்.

1976இல் என் தம்பி பிறந்தான். நாலாம் நாள் பால் குடிக்கவில்லை. "தோஷந்தான். தீட்டுக்காரி நிழல் பட்ருச்சு" என்றார்கள் தெருவில். அப்பத்தா பிள்ளையின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. "இது தோஷமில்லப்பு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றாள் எங்கப்பாவிடம்.

கடைசி பஸ் போய்விட்டது. ஊரில் கார் வைத்திருந்தவர் சேரிப்பிள்ளையை ஏற்ற முடியாது என்றார். விடியுமுன் தம்பி போய்விட்டான்.

அப்பத்தா செய்ததெல்லாம் சரியென்று நான் சொல்லவில்லை. தொப்புளில் சாம்பல் வைப்பாள், சீனித்தண்ணியில் சேனை தொட்டு வைப்பாள், மூக்கில் எண்ணெய் விடுவாள். மூணும் தப்பு. தொப்புளில் ஒன்றும் வைக்காமல் காயவிடணும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

ஆனால் அவள் கண் தப்பில்லை. ரெண்டாம் மூணாம் நாள் முகத்தில் தெரியும் மஞ்சள் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவினாலோ, வெயிலில் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் நீல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கணும். பால் இழுக்காமல் துவளுவது, நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கையில் நெஞ்சு குழிவது, உடம்பு கொதிப்பது அல்லது சில்லிடுவது, வெட்டி இழுப்பது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அந்த நேரமே கிளம்பணும். 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. எவன் காருக்கும் கையேந்த வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர்கள் 1990களில் கிராமத்துப் பெண்களுக்கே மூச்சு எண்ணவும் மருந்து கொடுக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். பச்சைப்பிள்ளைச் சாவு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் எழுதிக் காட்டினார்கள். எங்க அப்பத்தாவுக்கு மூச்சு எண்ண ஒரு கடிகாரம்கூட யாரும் தரவில்லை. தீட்டைத்தான் தந்தார்கள்.

என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன்.