பரமார்த்த குருவும் என் அரியரும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "கவிதை தரட்டுமாண்ணே?" என்றேன். "கவிதை ஏற்கெனவே கட்டுக் கட்டா வந்து கெடக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், வேற எழுது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே நீங்கள் என் கவிதையிலிருந்து தப்பித்தீர்கள், கட்டுரையில் மாட்டிக்கொண்டீர்கள்.

எனக்கு ஊர் கழுகுமலை. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். பத்தாவதில் நல்ல மார்க். அந்தத் தெம்பில் டிப்ளமோ மெக்கானிக்கலில் சேர்ந்தேன். முதல் வாரமே தெம்பெல்லாம் இறங்கிவிட்டது. 'தெர்மல் எக்ஸ்பான்ஷன்' என்று சார் போர்டில் எழுதி அரை மணி நேரம் நடத்தினார். ஏதோ பெரிய சமாச்சாரம் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அது ரயில் தண்டவாளத்தில் இடைவெளி விடுகிறார்களே, அந்த வெப்ப விரிவுதான் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று. ஆக, தெரிந்த பாடத்திலேயே நான் தோற்றேன். ரிசல்ட் வந்தது. பிசிக்ஸ் ஒன்று, இங்கிலீஷ் ஒன்று, ரெண்டு அரியர்!

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம், "படிப்பு எனக்கு ஒத்து வராதும்மா. தீப்பெட்டி ஆபீசுக்கே வேலைக்கு வாரேன்" என்று சொன்னேன். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, "ஏய்யா, குச்சி அடுக்கி அடுக்கித் தேஞ்ச கை இது. நீயும் இங்கேயே வந்து நிக்கணுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் இங்கிலீஷ் சாரிடம் போய் நின்றேன். "கிராமர் புக் எதைப் படிக்கட்டும் சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "கிராமர் இருக்கட்டும்பா. உனக்கு ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச கதை ஏதாவது இருந்தா, அதை இங்கிலீஷ்ல படி" என்றார். தெரிந்த கதையா? பரமார்த்த குரு கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. சொன்னதும் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிற கதையை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பரமார்த்த குரு கதையை எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். சொந்தப் பெயர் பெஸ்கி. முப்பது வயது வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்து, அதற்குப் பிறகுதான் தமிழை 'அ'னாவிலிருந்து கற்றார். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில்கூட இருந்து பணி செய்திருக்கிறார். அப்படி வந்தவர்தான் தேம்பாவணி என்ற காவியம் பாடினார். 1732இல் சதுரகராதி செய்தார். எகர ஏகார, ஒகர ஓகார எழுத்துகளைக் குழப்பமில்லாமல் எழுத வழி செய்தார். பேச்சுத் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணமும் எழுதினார். முப்பது வயதில் ஒருவர் தொடங்கி இவ்வளவு செய்ய முடியுமென்றால், பதினாறு வயதில் எனக்கு என்ன கேடு?

இன்னொரு சங்கதியும் உண்டு. பரமார்த்த குரு கதையை அவர் நமக்காக எழுதவில்லை. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் பேச்சு நடையைச் சிரித்துக்கொண்டே படித்துப் பழகட்டும் என்றுதான் எழுதினார். 1822இல் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் இதைத் தமிழோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்து லண்டனில் அச்சிட்டார். அவர்கள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்கள். நான் அதே பாலத்தில் எதிர்ப்பக்கமாக நடந்தால் என்ன? சார் அதில் சில பக்கங்களைச் செராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கரிசல் காட்டை வேடிக்கை பார்ப்பதுதான் வழக்கம். அதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். இருநூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ்; சில இடங்களில் முழி பிதுங்கியது. ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமே! ஆறு தூங்குகிறதா, முழித்திருக்கிறதா என்று சீடன் கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிற இடம் வந்ததும் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இங்கிலீஷ் படித்துச் சிரித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆற்றைத் தாண்டிய பிறகு சீடர்கள் தலையை எண்ணுவார்கள், நினைவிருக்கிறதா? எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஓர் ஆள் குறைகிறதே என்று எல்லோரும் அழுவார்கள். அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தானே அழுதுகொண்டிருந்தேன்? 'எனக்கு இங்கிலீஷே தெரியாது' என்று. பியரிங், கியர், பிரேக், ஸ்பானர், பம்ப், வயர், டைட், லூஸ்... இதெல்லாம் என்னவாம்? ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். முந்நூறைத் தாண்டியது.

சாரிடம் காட்டினேன். அப்போது அவர் மைக்கேல் வெஸ்ட் என்பவரைப் பற்றிச் சொன்னார். 1920களில் வங்காளத்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய ஆங்கிலேயர். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் படிக்க வரட்டும், பேச்செல்லாம் பிறகு வரும் என்று சொன்னவர். குறைந்த சொற்களை வைத்தே கதைப் புத்தகங்கள் தயாரித்தார். அடிப்படைக்கு அவசியமான சுமார் 2000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். இரண்டாயிரம்தானா! நான் இரண்டு லட்சம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

நான் கடைப்பிடித்த முறையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரகசியம் ஒன்றுமில்லை.

ஒன்று, சுலபமான புத்தகத்தில் தொடங்குங்கள். ஒரு பக்கத்தைப் பிரித்து நூறு சொல் எண்ணிப் பாருங்கள். ரெண்டு மூணு தெரியவில்லையென்றால் பரவாயில்லை. பத்துப் பதினைந்து தெரியவில்லையா? மூடி வைத்துவிட்டு வேறு எடுங்கள். சிறுவர் புத்தகம் என்றால் வெட்கப்பட வேண்டாம். அட்டைக்குச் செய்தித்தாள் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

இரண்டு, எல்லாச் சொல்லுக்கும் அகராதியைத் தேடி ஓடாதீர்கள். ஒரே சொல் மூன்றாவது முறை வந்து மறித்தால் மட்டும் பாருங்கள். பார்த்ததை ஒற்றைச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள்.

மூன்று, இரண்டு மொழியிலும் கிடைக்கிற புத்தகம் நல்ல துணை. அப்துல் கலாமின் 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' 1999இல் வந்தது. தமிழில் 'அக்னிச் சிறகுகள்'. ஓர் அத்தியாயம் தமிழில், பிறகு அதே அத்தியாயம் ஆங்கிலத்தில் என்று படித்தேன்.

நான்கு, தினமும் ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படியுங்கள். நான் எங்கள் ஊர் மலை மேலே போய்த்தான் படித்தேன். அங்கே இருக்கிற சமணச் சிற்பங்கள் யாரும் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கவில்லை.

மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தேர்வில் பிசிக்ஸ் கிளியர். இங்கிலீஷ் அப்போதும் போயிற்று. அதற்கடுத்த முறைதான் 52 மார்க்கில் தேறியது. இப்போதும் வேகமாகப் பேசினால் நாக்குத் தந்தியடிக்கும்.

ஆனால் போன மாசி மாதம் ஒன்று நடந்தது. வெட்டுவான் கோவில் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி நின்றிருந்தார்கள். எப்படிக் கட்டினார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ரெண்டு வருஷம் முன்னால் என்றால் ஓடியிருப்பேன். அன்றைக்கு நின்றேன். "கட்டவில்லை, எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்தார்கள். வேலை முடியவில்லை" என்று தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். அவர்களுக்குப் புரிந்தது. அதைவிட, எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "எங்கே, எனக்கும் சொல்லு" என்றார். அதே இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது. ஆனாலும் முடியும் வரை கேட்டார்.

ஆகவே நண்பர்களே, தமிழ் மீடியத்திலிருந்து வந்து கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளே! தலையை எண்ணும்போது உங்களையும் சேர்த்து எண்ணுங்கள். இன்றைக்கே நூலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். மலையைக் குடைந்தவனும் முதல் நாள் ஒரு சில்லுதான் பெயர்த்திருப்பான்.



— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், கழுகுமலை