டல்லாஸ் ஏரியில் என் தூண்டில்

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாய் ஒரு டப்பா. ஐஸ்க்ரீம்தான் என்று ஆசையாய் மூடியைத் திறந்தால்... கறுப்பு மண்ணுக்குள் சுண்டுவிரல் தண்டிக்கு மண்புழுக்கள்!

"கத்தாதடா! நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறாங்களாம். நானும் சொல்லிப் பார்த்துட்டேன், கேட்டாத்தானே!" என்றாள் அக்கா, மாவுப் பாத்திரத்தை மேல் தட்டுக்கு ஏற்றியபடி.

இது நடந்தது 2024 ஏப்ரலில். டல்லாஸை ஒட்டிய இர்விங்கில் அக்கா வீடு. மூன்று வாரம் தங்கப் போயிருந்தேன். அத்தானுக்கு கன்சல்டன்ட் உத்தியோகம். திங்கள் விடிகாலை விமானம் ஏறினால் வியாழன் ராத்திரிதான் திரும்புவார். வாசல் கதவோரம் அவருடைய சக்கரப் பெட்டி நிரந்தரமாய் நிற்கும். என் ஒன்பது வயசு மருமகன் அதன் மேலேயே ஸ்கூல் பையை வைத்துப் பழகிவிட்டான்.

நான் மதுராந்தகத்துக்காரன். ஏரி காத்த ராமர் ஊரில் பிறந்தவனுக்கே ஏரி காட்டுகிறார்களா என்று உள்ளூர ஒரு இளக்காரம். ஒயிட் ராக் ஏரியைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கினேன். டல்லாஸின் குடிநீருக்காக ஓர் ஓடையை மறித்து 1911-ல் முடித்த ஏரி. சுமார் ஆயிரம் ஏக்கர். குளிர்காலத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வந்து தங்குமாம். நம் வேடந்தாங்கலுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளை!

ஆனால் நம்மூர் மாதிரி மூங்கில் கழியோடு போய்க் குந்திவிட முடியாது. லைசென்ஸ் வேண்டும். 17 வயசுக்குக் கீழே என்றால் தேவையில்லை, ஆகவே மருமகன் தப்பித்தான். வெளியூர்க்காரனான எனக்கு ஒரே ஒரு நாளைக்கு 16 டாலர். ஆயிரத்து முன்னூறு ரூபாய் சொச்சம்! நான் பி.காம், உடனே மனசுக்குள் கணக்குப் போட்டேன். மீன் எதுவும் மாட்டாவிட்டால் முழுவதும் நஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

படகில்லாத ஏழைக்கு வசந்தகாலம்தான் பொற்காலம் என்றார் அத்தான். மற்ற நாளில் ஆழத்தில் கிடக்கிற மீனெல்லாம் தண்ணீர் சுமார் 16 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முட்டை போடக் கரையோரம் வந்துவிடும். முதலில் பாஸ். (பெயரே பாஸ்! எனக்கு அது மூன்றாவது அட்டெம்ப்டில்தான் கிடைத்தது.) தண்ணீர் இன்னும் சூடானால் ப்ளூகில். இது உள்ளங்கை அளவு, பார்க்க நம்ம ஜிலேபிக் கெண்டை ஜாடை. வாணலியில் முழுசாய் அடங்குகிற இந்த மாதிரிப் பொடிசுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் 'பான்ஃபிஷ்'. வாணலி மீன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நான் செய்த முதல் தப்பு, பலம் கொண்ட மட்டும் தூண்டிலை நடு ஏரிக்கு வீசியது. "மச்சான், மீன் உங்க கால்கிட்ட நிக்குது. நீங்க அதைத் தாண்டிப் போடறீங்க" என்றார் அத்தான். இரண்டாவது தப்பு, தொம் தொம்மென்று நடந்தது. கரையில் அடி விழுந்தால் தண்ணீரில் மீனுக்குத் தெரியுமாம். நம் நிழலும் தண்ணீரில் விழக்கூடாது. தக்கைக்குக் கீழே ஓர் அடி விட்டு, சின்ன முள்ளில் புழுவைத் துண்டாய்க் கோத்துப் போட்டேன். ப்ளூகில்லுக்கு வாய் பொடிசு. முழுப் புழுவைப் போட்டால் நுனியைக் கடித்துக்கொண்டு 'டாட்டா' காட்டிவிடும்.

ஒரு மணி நேரத்தில் மூன்று ப்ளூகில். தலைக்கு நானூற்றைம்பது ரூபாய் என்று கணக்கு இறங்கியிருந்தது!

அப்போதுதான் மருமகன் என் சட்டையை இழுத்தான். வெயில் கண்ணாடி வழியாய்ப் பார்க்கச் சொன்னான். நாணல் ஓரம் ஒன்றரை அடி ஆழத்தில், கலங்கலுக்கு நடுவே, சாப்பாட்டுத் தட்டு மாதிரி சுத்தமாய் ஒரு வட்டம். அதன் மேல் அசையாமல் ஒரு கருநிழல்.

"பாஸ், மாமா. வாலாலேயே பெருக்கிக் கூடு கட்டும். அது அப்பா."

"அம்மா எங்கே?"

"முட்டை போட்டுட்டு போயிடும். அப்பாதான் காவல். குஞ்சு வந்தப்புறமும் இருக்கும்." லைப்ரரி புத்தகத்தில் படித்தானாம். எனக்கு எங்கள் ஊர் ராமர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அத்தான் ஒரு ரப்பர் புழுவை அந்தத் தட்டில் இறக்கிவிட்டார். மீன் ஒரே பாய்ச்சல்! பசியால் இல்லை, கூட்டுக்குள் எது நுழைந்தாலும் அது அப்படித்தான் பாயும். தூண்டில் வில்லாய் வளைந்தது. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார். அளவுகோலில் பதினாறு அங்குலம். டெக்ஸாஸின் பொது விதிப்படி பதினாலுக்கு மேல் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், நாளைக்கு ஐந்து.

1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் பிடித்தார், உலக சாதனை. அதைக் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டும் விட்டார். அந்த மாதிரி ஒரு வெறி அத்தான் முகத்தில். "மச்சான், போட்டோ எடுங்க! இல்ல, வெளிச்சம் அந்தப் பக்கம். இன்னொண்ணு!"

"டாடி, விடு! அங்க பாரு!"

பையன் கத்தின கத்தலில் பக்கத்துத் தூண்டில்காரர் திரும்பினார். தட்டைச் சுற்றி நாலைந்து ப்ளூகில். ஒன்று உள்ளே தலையை நுழைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. காவல்காரர் போட்டோவுக்கு நிற்கிறார். வீடு கொள்ளை போகிறது!

அத்தான் ஒன்றும் பேசவில்லை. முள்ளைக் கழற்றி, குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் விட்டார். அது விருட்டென்று ஆழத்துக்குப் போய்விட்டது. கூட்டுப்பக்கம் வரவில்லை.

பையன் ஒரு குச்சியால் தண்ணீரை அடித்து ப்ளூகில்களைத் துரத்தினான். அவை இரண்டடி தள்ளிப் போய் மறுபடி வந்தன. மறுபடி அடித்தான். அத்தானும் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி இன்னொரு பக்கம் நின்றுகொண்டார். பத்து நிமிஷம் இருக்கும். பெரிய மனுஷர் ஒருவர் ஏரியைக் குச்சியால் அடிப்பதைக் கரையில் நடந்துபோனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"வந்துடுச்சு" என்றான் பையன், மெதுவாய். தட்டின் மேல் அதே கருநிழல். மீதம் எத்தனை முட்டையோ!

என்னுடைய மூன்று ப்ளூகில்லையும் பையன் விடச் சொன்னான். விட்டேன். போச்சு, ஆயிரத்து முன்னூறும் நஷ்டக் கணக்கு.

காரில் யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது பையன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"நாளைக்கு எத்தனை மணிக்கு டாடி?"

"நாலரைக்குடா கண்ணா" என்றார் அத்தான்.

"என்னை எழுப்பு. கதவை நான் பூட்டிக்கிறேன்."