புயலின் பெயரும் ஊரின் பெயரும்

புயல்களுக்கும் ஓய்வு உண்டு. குமாஸ்தாவுக்கு வயதானதும் கொடுப்பதுபோல் அட்லாண்டிக் கடலில் பெரிய நாசம் செய்த புயலின் பெயருக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். அங்கே ஆறு பட்டியல்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒரு வருஷத்துப் பெயர்கள் ஏழாம் வருஷம் திரும்ப வரும். அப்படித் திரும்ப வரக்கூடாது என்று 1954இன் ஹேசலை நீக்கினார்கள். 2005இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவை நீக்கி அந்த இடத்தில் கத்யாவை வைத்தார்கள். இறந்தவர் வீட்டார் காதில் அந்தப் பெயர் மறுபடி விழக்கூடாது என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பிலிப்பைன்ஸில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள்: 300 உயிர், அல்லது 100 கோடி பெசோ நஷ்டம். 299 உயிரோடு நின்றுவிட்ட, சொத்தையும் அதிகம் தொடாத புயல் நாலு வருஷம் கழித்து அதே பெயரோடு வரத் தடையில்லை.

நம்முடைய கடலில் ஏற்பாடு வேறு. வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பதென்று 2000இல் மஸ்கட்டில் கூடிய நாடுகள் கொள்கையளவில் சம்மதித்தன. 2004இல் எட்டு நாடுகள் கொடுத்த 64 பெயர்களோடு வழக்கம் தொடங்கியது. முதல் பெயர் வங்கதேசம் கொடுத்த ஓனில். 2020 மே மாதம் ஆம்பனோடு அந்தப் பட்டியல் தீர்ந்தது. அடுத்த பட்டியலில் 13 நாடுகளின் 169 பெயர்கள். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டதும் தில்லி வானிலை மையம் வரிசையில் அடுத்த பெயரை எடுத்து வைக்கிறது. விதிகளில் ஒன்று, ஒரு பெயர் ஒரு முறைதான். வாழை இலைபோல. கல்யாண விருந்துக்குப் போட்டாலும் வழிப்போக்கனுக்குப் போட்டாலும் சாப்பிட்டானதும் இரண்டும் எச்சில் இலை. 2020 டிசம்பரில் புரெவி திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, மன்னார் வளைகுடாவில் இளைத்து, எங்கள் ராமநாதபுரம் கரையோரம் நகர மனமில்லாமல் நின்று மழையாகக் கரைந்தது. அதே வருஷம் ஆம்பன் சுந்தரவனத்தையும் கல்கத்தாவையும் குலைத்துப் போட்டது. இரண்டும் ஒன்றுபோல் ஓய்வு பெற்றுவிட்டன. ஓய்வு என்பது ஒரு மரியாதை என்றால், எல்லாவற்றுக்கும் கிடைக்கும் இந்த மரியாதையில் இறந்தவர்களுக்கு என்ன பங்கு என்பது எனக்குப் புரியவில்லை.

இந்தக் கடலிலும் ஒரு பெயர் மட்டும் தனியாக விலக்கப்பட்டிருக்கிறது. 2013 மே மாதப் புயலுக்கு இலங்கை கொடுத்திருந்த பெயர் மகாசேன். மின்னேரியாக் குளத்தைக் கட்டிய ராஜாவின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று இலங்கையிலேயே எதிர்ப்பு எழுந்தது. பின்னால் ஆவணங்களில் அந்தப் புயல் வியாரு ஆகிவிட்டது. செத்தவர்களுக்காக அல்ல, ஒரு ராஜாவின் கௌரவத்துக்காக. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெயரை விலக்குகிறவர்கள் யாருடைய மனத்தைக் காக்க விலக்குகிறார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு எங்கள் கரைக்கு வந்த புயலுக்கு விலக்குவதற்குப் பெயரே இருக்கவில்லை. தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, வவுனியா வழியாக இலங்கையைக் கடந்து, தனுஷ்கோடியில் ஏறியது. அலை ஏழு மீட்டர் எழுந்தது என்கிறார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, உள்ளே இருந்த 100க்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. அந்த வண்டிக்கு 653 என்று எண் இருந்தது. புயலுக்கு எதுவும் இல்லை. இரு கரையிலும் சேர்த்து 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடல் பிடுங்கிப் போட்டிருந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மீட்டுவிட்டார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதை மீளவில்லை. ஊரை வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. தலைமன்னார் கப்பல் அங்கிருந்து புறப்படுவது நின்றது. ரயில் அட்டவணையிலிருந்து ஸ்டேஷன் பெயர் போயிற்று. மற்றக் கடல்களில் புயலின் பெயருக்கு ஓய்வு கொடுத்தார்கள். எங்கள் கரையில் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஊர் அதை முழுதாக ஏற்கவில்லை. மீனவர்கள் குடிசை போட்டு அங்கேயே இருந்தார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. இடிந்த மாதா கோயிலுக்கு முன்னால் நின்று வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சில் அந்தப் புயல் "தனுஷ்கோடிப் புயல்" ஆகிவிட்டது. எந்தக் கமிட்டியும் வைத்த பெயரல்ல இது. 1944இல் நடந்த கொலையை லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவனைவிடப் பிரபலமானவர்கள், இருந்தும் வழக்கு செத்தவன் பெயரில்தான் நிற்கிறது. 1970இன் போலா, 1977இன் திவிசீமா, 1978இன் மட்டக்களப்பு எல்லாம் இப்படி அடிபட்ட இடத்தின் பெயரைத் தாங்கிய புயல்கள். சொல்லும்போதே எங்கே என்பதையும் சொல்லியாகிவிடுகிறது.

இதில் எனக்குச் சொந்தமாகவும் ஒரு சங்கதி உண்டு. அப்பாவின் தங்கை தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த இரவில் அத்தைக்கு ஆறு வயது மகன் போனான். உடல் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து மண்டபத்தில் நான் பிறந்தபோது அப்பா அவன் பெயரை எனக்கு வைக்க நினைத்து, அவளிடம் கேட்டிருக்கிறார். "வையுங்கண்ணே, பேரு வீணாப் போக வேணாம்" என்றாளாம். அட்லாண்டிக் கமிட்டிக்கு நேர் எதிரான தீர்மானம். ஆக நான் அந்தப் பெயரின் இரண்டாவது உபயோகம். ஆனால் அவள் சாகும்வரை ஒரு தடவைகூட என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. என் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நான் மட்டும் "மருமகனே". சின்ன வயதில் அதைச் செல்லம் என்று எடுத்துக்கொண்டேன். வளர்ந்த பிறகு, வீட்டில் யாராவது என் பெயரை உரக்கக் கூப்பிட்டால் அரிசி புடைக்கும் அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி அசைவதைப் பார்த்திருக்கிறேன். புயல் என்ற சொல்லையும் அவள் சொன்னதில்லை. "அந்த மார்கழி" என்பாள். அவ்வளவுதான்.

பெயரை ஒதுக்கிவைப்பது நமக்குப் புதிதில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் தான் பெற்ற பிள்ளையை அவள் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாள். ஊர் முழுக்க அந்தப் பெயர் புழங்கும். ஒரு வாய் மட்டும் அதைத் தொடாது. மாமனார் விஷயத்தில் அது சம்பிரதாயம், மீறினால் பேச்சு வரும். அத்தையிடம் யாரும் விதி சொல்லவில்லை. பெயர் யாரைச் சுடுகிறதோ அவர் தாமாக ஒதுங்கிக்கொள்வதும், எல்லோர் வாயிலிருந்தும் ஒரு பெயரை எடுத்துவிடுவதும் வேறு வேறு காரியங்கள். இரண்டாவதில் துக்கம் இருக்கலாம். நிர்வாக வசதியும் இருக்கிறது.

பெயர் வைப்பதன் பயனை மறுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அட்சரேகை தீர்க்கரேகை சொன்னால் வலை பின்னுகிறவனுக்கு விளங்காது. ஒரே சமயத்தில் இரண்டு புயல் இருந்தால் வானொலி கேட்பவன் குழம்புவான். மிச்சாங் என்று எழுதி மிக்ஜாம் என்று உச்சரிக்கவேண்டிய பர்மியச் சொல்லைக்கூட 2023இல் சென்னைவாசிகள் ஒரே நாளில் பழக்கிக்கொண்டார்கள். 2018இன் கஜா டெல்டாவில் ஒரு காலக்கணக்காகவே ஆகிவிட்டது, ஒக்கி குமரி மீனவர் வீடுகளில் மறக்காது, பட்டியல் பெயரும் நினைவைத் தாங்கும் என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். தாங்கும், அடிபட்டவர்களிடத்தில். வெளியிலிருப்பவனுக்குக் கஜா என்றால் யானை. வேதாரண்யத்துத் தென்னைகள் அந்தச் சொல்லில் இல்லை. இன்னும் இருபது பெயர் வந்துபோனால் கஜா எது வர்தா எது என்று அவன் தடுமாறுவான். தனுஷ்கோடியில் அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

எங்கள் கடற்கரைக்காரர்கள் காற்றுகளுக்குப் பெயர் வைத்தார்கள்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். இவை வருஷந்தோறும் வருபவை. தொழில் இவற்றை நம்பி நடக்கிறது, அதனால் பெயர் வேண்டியிருந்தது. புயலை அவர்கள் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கும் எண்தான், 1 முதல் 11 வரை. பத்து என்றால் மிகப் பெரிய அபாயம். அதற்கும் மேலே உள்ள பதினொன்றுக்கு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1964இன் அந்த இரவுக்கு யாராவது என்னிடம் பெயர் கேட்டால் அந்த எண்ணைச் சொல்வேன்.

2020 பட்டியலுக்கு இந்தியா கொடுத்த 13 பெயர்களில் மூன்றாவது முரசு. தமிழ்ச் சொல் என்பதில் நம்மவர்களுக்குப் பெருமை. எனக்கும் ஆட்சேபம் இல்லை. எச்சரிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் முரசின் வேலை அறிவித்ததோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பெயருள்ள புயல் எந்தக் கரையில் ஏறினாலும், எத்தனை பேரைக் கொண்டுபோனாலும் போகாவிட்டாலும், விதிப்படி பெயருக்கு ஓய்வு. பிற்பாடு அதைப்பற்றிப் பேசுகிறவர்கள் கரையின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம். ஓர் ஊரின் பெயர் அதில் வாழ்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்வரை இருக்கும். தனுஷ்கோடியில் இன்றும் சொல்கிறார்கள்.