கிரீடத்தைத் தேடிய கை

யித்திஷ் மொழி நாம் அறியோம். ஆயினும் சாலமன் மிகோயெல்ஸ் 1935இல் மாஸ்கோ அரசு யூத நாடக அரங்கில் ஏற்ற லியர் மன்னன் வேடத்தின் எஞ்சிய படத்துணுக்குகளைக் காண மொழி தடையாயிருக்கவில்லை. சிறிய உருவம், தாடியற்ற முகம். தானே துறந்த கிரீடத்தைத் தலைமேல் தடவித் தேடும் கை. அந்தக் கை நம்மை விட்டு அகலவில்லை.

1890இல் டிவின்ஸ்கில் பிறந்தவர்; சட்டம் பயின்று அரங்குக்கு வந்தவர். போர்க்காலத்தில் யூத பாசிச எதிர்ப்புக் குழுவின் தலைவராக 1943இல் அமெரிக்கா சென்று சோவியத்துக்கு ஆதரவு திரட்டினார். அவரைத்தான் 1948 ஜனவரியில் ஸ்டாலினின் ஆட்கள் மின்ஸ்க் நகரில் கொன்று, விபத்தென அறிவித்தனர். பின்னர் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு! (இத்தனை துல்லியமான அரங்க அமைப்பை எந்த இயக்குநரும் செய்ததில்லை.)

எனினும் நாம் மிகுதியும் எண்ணுவது லியரின் விதூஷகனாக நடித்த பெஞ்சமின் சுஸ்கினைத்தான். நண்பருக்குப்பின் அரங்கின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே மருத்துவமனையிலிருந்து கைதுசெய்து கொண்டுசென்றனர். 1949இல் அரங்கம் மூடப்பட்டது. ஷேக்ஸ்பியரின் விதூஷகன் நாடகத்தின் நடுவிலேயே சொல்லாமல் மறைந்துபோகிறான். சுஸ்கினை 1952 ஆகஸ்ட் 12 அன்று சுட்டுக்கொன்றார்கள்.