மாப்பிள்ளை வீடு திரும்பிய வழி

கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளை வீடு போய்ச் சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. இன்று காரில் கிளம்பினால் காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும். தாமதத்துக்குக் காரணம், நடுவழியில் மாறிய திட்டம். மாப்பிள்ளை திருமலை சீனிவாசன். பெண், ஆகாசராஜன் மகள் பத்மாவதி. புராணத்தில் நடந்த அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்று ஒரு கோயில் நிற்கிறது.

அந்த வழியைத் தேடிப் போக பாலசமுத்திரம் நல்ல தொடக்கம். சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் சின்ன ஊர் இது. சுற்றிலும் மாந்தோப்புகள், கரும்பு, நடுநடுவே மொட்டைப் பாறைக் குன்றுகள். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பறக்கும் வண்டிகள் திருத்தணி, நகரி, புத்தூர் என்று நெடுஞ்சாலையிலேயே போய்விடுவதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. வடக்கே கார்வேட்டிநகரம். ஜமீன் காலத்தில் திருத்தணி வட்டாரத்தையும் சேர்த்து ஆண்ட ஊர். அங்கிருக்கும் வேணுகோபால சுவாமி கோயிலைப் பார்த்துவிட்டு மேலே போனால் புத்தூர் வருகிறது. தமிழர்களுக்கு இந்தப் பெயர் மாவுக்கட்டோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். உடைந்த கையோடும் காலோடும் எல்லை தாண்டி வந்து 'புத்தூர் கட்டு' போட்டுக்கொண்டு திரும்புகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

புத்தூரை அடுத்த நாராயணவனம்தான் பெண் வீடு. கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்குள் ஒரு பெரிய கல் திரிகை இருக்கிறது. பத்மாவதியின் கல்யாணத்துக்கு மாவு அரைத்தது அதில்தான் என்று காட்டுகிறார்கள். கல்யாணச் செலவுக்கு மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்கிய கதை ஊரறிந்தது. வட்டி இன்னும் உண்டியலில் கட்டப்பட்டு வருகிறது.

கிளம்பிய தம்பதி முதலில் நின்ற இடம் அப்பலாயகுண்டா. அங்கே தவமிருந்த சித்தேஸ்வரருக்காக வண்டியை நிறுத்தினார்கள் என்று சொல்லலாம். திருமலையில் பாதத்தைக் காட்டும் வலது கை, இங்குள்ள பிரசன்ன வெங்கடேஸ்வரருக்கு அபயம் காட்டி உயர்ந்திருக்கிறது. போகிற வழியில் கொடுத்த ஆசி என்பதால் இப்படி என்கிறது தலவரலாறு.

பெரிய மாற்றம் அடுத்த நிறுத்தத்தில் வந்தது. திருப்பதிக்கு மேற்கே, சுவர்ணமுகிக் கரையிலுள்ள தொண்டவாடாவில் அகத்தியர் ஆசிரமம். புதுமணத் தம்பதி ஆறு மாதத்துக்கு மலை ஏறக்கூடாது என்று முனிவர் சொல்லிவிட்டார். மலை கண்ணெதிரே தெரிகிறது; போக முடியாது. தம்பதி அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் தங்கிய இடம்தான் சீனிவாச மங்காபுரம். திருப்பதியிலிருந்து 12 கி.மீ. ஒரு காலத்தில் பூஜை நின்றுபோயிருந்த இந்தக் கோயிலுக்கு உயிர் கொடுத்தவர், அன்னமய்யாவின் பேரன் தாள்ளபாக்கம் சின்னத் திருமலாச்சாரியார். 1540-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்களும் புதிதாகத் தாலி கட்டியவர்களும் இன்று தேடி வருவது இங்கேதான்.

ஆனால் அந்த ஆறு மாதம் தேனிலவாகக் கழியவில்லை. நடுவில் மாமனார் இறந்துபோன செய்தி வந்தது. பட்டத்துக்கு மாமனாரின் தம்பி தொண்டைமானும் மகன் வசுதானனும் சண்டைக்கு நின்றார்கள். பத்மாவதியின் கண்ணீரைப் பார்த்து மாப்பிள்ளை பஞ்சாயத்துக்குப் போனார். நாடு இரண்டாகப் பிரிந்தது. பிறகு தொண்டைமான் மலைமேல் கோயில் கட்ட, தம்பதி வீடு போய்ச் சேர்ந்தது.

அதே மண்ணில் அடுத்த பாகப்பிரிவினை 1960-ல் நடந்தது. 1911-ல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-ல் ஆந்திராவோடு போனபோது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. படாஸ்கர் தலைமையில் பேச்சு நடந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்கு சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. திருப்பதி வரவில்லை. பாலசமுத்திரம் ஆந்திராவில் நின்றது. கூப்பிடு தூரத்துப் பள்ளிப்பட்டு தமிழகமாயிற்று. கோடு வந்த பிறகும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. இங்கே பல வீடுகளில் மாமியார் ஒரு மொழியில் கேட்க, மருமகள் இன்னொன்றில் பதில் சொல்கிறாள்.

கோட்டைத் தாண்டுவது சுலபம். ஆறு அப்படியில்லை. லவா, குசா என்ற இரு ஆறுகள் பள்ளிப்பட்டு அருகே சேர்ந்து கொசஸ்தலை ஆகின்றன. வெயில் காலத்தில் அது வெறும் மணல். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கதையே வேறு. 2021 நவம்பர் மழையில் பள்ளிப்பட்டு வட்டாரத் தரைப்பாலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மறுகரையில் பிறந்த வீடு இருந்தும், ஊரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. பிரசவ வலி கண்டவளுக்கும் பரீட்சைக்குக் கிளம்பிய பிள்ளைக்கும் சுற்று வழி புராணமல்ல.

அந்த மழை மலையையும் விடவில்லை. மங்காபுரத்தை அடுத்து, 2,388 படிகளோடு திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்துபோனது. திரும்பத் திறந்தது 2022 மே 5-ல். ஏறத்தாழ ஆறு மாதம். அகத்தியர் விதித்த கெடுவும் அதுதான்.

இன்று வருகிற தம்பதிக்கு அந்த அவகாசம் கிடையாது. 300 ரூபாய் தரிசனச் சீட்டில் தேதியும் மணியும் அச்சாகியிருக்கின்றன. நாராயணவனத்தில் திரிகையைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. அப்பலாயகுண்டாவுக்குப் பிரியும் வளைவு கண்ணில் படுவதில்லை. புதுமணத் தம்பதிகள் மாலை வாடுவதற்குள் மலையேறிவிடுகிறார்கள். மலைமேலேயே தாலி கட்டிக்கொள்வதும் உண்டு. போதாக்குறைக்கு, சித்தூரையும் சென்னைக்கு வடக்கே தச்சூரையும் இணைக்க, நூறு கி.மீ.க்கு மேல் நீளும் ஆறுவழிச் சாலை இந்த எல்லைப் பகுதி வழியாகவே வகுக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாலையில் நடுவழி என்று ஒன்று இருப்பதில்லை. கிளம்பும் இடமும் சேரும் இடமும்தான்.

சாமி திட்டப்படி போயிருந்தால் அப்பலாயகுண்டாவும் மங்காபுரமும் வெறும் காடாகவே இருந்திருக்கும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பாலசமுத்திரத்திலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் கிளம்புகிறவர்கள் வண்டியை எடுக்குமுன் எதிரே வருபவரை நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ஆத்துல தண்ணி எவ்வளவு?" முழங்கால் அளவு என்றால் வீட்டுக்கு. இடுப்பளவு என்றால், வழியிலிருக்கும் சொந்தக்காரர் வீட்டில் அன்றிரவு இரண்டு இலை கூடுதலாக விழும்.